சிங்கப்பூருக்கும் பருவங்கள் உண்டு: பறவை நோக்கத் தொடங்குபவர்களுக்கு

விடிகாலை 5 மணிக்குப் புளோக்குக்குக் கீழே இருக்கும் மரத்திலிருந்து ஒரு கூவல் எழும். ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறும், உச்சிக்குப் போய் நிற்கும், பிறகு அடியிலிருந்து மறுபடி தொடங்கும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் எல்லாருக்கும் பழக்கமான குரல் இது. குயில் என்று பெயரும் தெரியும். அந்தக் குயிலைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் குறைவு.

கூவுவது ஆண் குயில். உடம்பு முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, கண் மட்டும் நல்ல சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். அது இப்படி ஏறுவரிசையில் கூவாது. 'கிக் கிக் கிக்' என்று வேகமாகக் கத்திவிட்டு இடம் மாறிவிடும். இரண்டையும் ஒரே மரத்தில் பார்த்தாலும் ஒரே இனம் என்று நம்பச் சிரமமாக இருக்கும். இங்குள்ள குயில்கள் பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடுகின்றன. காகம் அடைகாத்து, பொரித்த குஞ்சுக்கு இரையும் ஊட்டி வளர்க்கிறது. அதனால் காகங்கள் கூடு கட்டும் மரங்களைச் சுற்றியே குயில்களும் நடமாடும். இவ்வளவும் தெரிந்துகொண்டவருக்கு, மறுநாள் அதே 5 மணிக் குரல் கேட்கும்போது காகக்கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று தேடத் தோன்றும். பறவை நோக்குதல் என்பது அந்தத் தேடல்தான்.

அதில் மூன்று கேள்விகள் உண்டு. இது என்ன பறவை? என்ன செய்துகொண்டிருக்கிறது? ஏன் இந்த இடத்தில், இந்த மாதத்தில்? புதிதாக வருபவர்கள் முதல் கேள்வியிலேயே பல காலம் நின்றுவிடுகிறார்கள். பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது; சிங்கப்பூரில் இதுவரை பதிவான பறவையினங்கள் 400-க்கும் மேல். ஆனால் மூன்றாவது கேள்விக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் சுகமே வேறு. வெயில், மழை, மறுபடி வெயில் என்று ஆண்டெல்லாம் ஒரே மாதிரி இருப்பதாக நாம் நினைக்கும் இந்த ஊருக்கும் பருவங்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரிய வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடையாளம் காண்பது. புதியவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நிழலில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று அது ஏமாற்றிவிடும். பறவை மைனாவைவிடப் பெரியதா, சிறியதா? புறா அளவா, காகம் அளவா? அலகு தடித்ததா, ஊசி போன்றதா, வளைந்ததா? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கிளை நுனியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா? இவற்றையெல்லாம் கவனித்த பிறகு நிறத்துக்கு வரலாம்.

பழகிப் பார்க்க மைனாவைவிட நல்ல பறவை கிடையாது. காப்பிக்கடையில் மேசைக்கு மேசை தாவி, தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொத்தும் மைனாவை ஒருமுறை நின்று நிதானமாகப் பாருங்கள். கருஞ்சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, மஞ்சள் கால். அலகுக்கு மேலே நெற்றியில் சின்னதாக ஒரு முடிக்கொத்து. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு. இது ஜாவா மைனா. தமிழ்நாட்டில் நாம் பார்த்து வளர்ந்த மைனா வேறு: உடம்பு பழுப்பு, தலை கறுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், நெற்றியில் கொத்து இல்லை. அதுவும் சிங்கப்பூரில் இருக்கிறது, ஆனால் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்ட ஜாவா மைனா 1920-கள் வாக்கில் இங்கே வெளியில் பரவத் தொடங்கி, இன்று தீவிலேயே அதிகம் கண்ணில் படும் பறவையாகிவிட்டது. இன்னொரு பக்கம், அதன் சொந்த ஊரான ஜாவாவில் கூண்டு வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அதன் எண்ணிக்கை குறைந்து, அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நாம் விரட்டிவிடும் அந்த மைனாவுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

கருவி என்று பார்த்தால், தொடக்கத்துக்கு ஒரு தொலைநோக்கி போதும். அதன் மேல் 8x42 என்று எழுதியிருந்தால், 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து, பன்னிரண்டு மடங்கு வாங்கினால் இன்னும் நல்லது என்று தோன்றும். அப்படியில்லை. மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைக்குள் அடங்கும் பரப்பும் சுருங்கும். இலைகளுக்கு நடுவே பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் தொலைநோக்கியின் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு பழக்கம்: பறவையைப் பார்த்ததும் தலையைக் குனிந்து தொலைநோக்கியைத் தேடாதீர்கள். கண் பறவை மேலேயே இருக்கட்டும், கை தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரட்டும். இரண்டு நாள் பழகினால் வந்துவிடும்.

கைப்பேசியில் மெர்லின் என்ற செயலியை இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. படத்தையோ குரலையோ வைத்துப் பெயர் சொல்லும். அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

சரி, பருவங்களுக்கு வருவோம்.

ஆகஸ்டு பாதியிலிருந்தே வடக்கேயிருந்து பறவைகள் இறங்கத் தொடங்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைக் காலம். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வடகிழக்கு ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி விழுவதற்குள் தெற்கே கிளம்பும் பறவைகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரைகூடப் போகின்றன. கிழக்காசிய-ஆஸ்திரேலிய வான்வழி என்று சொல்லப்படும் இந்தத் தடத்தை ஆண்டுதோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துகின்றன. அந்தத் தடத்தில்தான் சிங்கப்பூர் இருக்கிறது. சில பறவைகளுக்கு இது இளைப்பாறும் நிறுத்தம், சிலவற்றுக்குக் குளிர்காலம் முழுவதும் தங்கும் வீடு.

இதைப் பார்க்கச் சிறந்த இடம் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் அங்கே இறால் வளர்த்தார்கள். அந்தக் குளங்களும் நீரைத் திறந்து மூடும் மதகுகளும் இன்றைக்கும் பறவைகளுக்கு உதவுகின்றன. முதல்முறை போகும் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: கடிகாரத்தோடு கடல் ஏற்றத்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கடல் வற்றும்போது வெளியே சேற்றுத்திட்டுகள் தெரியும். பறவைகள் அங்கே தூரத்தில் பரவி மேய்ந்துகொண்டிருக்கும், நமக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏறியதும் அந்தச் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை கூட்டம் கூட்டமாக உள்குளங்களுக்கு வந்து, நமக்குப் பக்கத்திலேயே ஓய்வெடுக்கும். நீர் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்குச் சற்று முன்பே மறைவுக் குடிலில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அங்கே பவளக்காலி உள்ளானைப் பார்க்கலாம். ஆரஞ்சுச் சிவப்புக் கால்களே அடையாளம். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகோடு விம்பிரல் நடக்கும். அந்த வளைவு நண்டு வளைக்குள் நுழைக்கத் தோதாக அமைந்தது. எனக்கு மிகவும் பிடித்தது பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி. கையடக்கமான பறவை, 200 கிராம் எடைகூட இருக்காது. செப்டம்பரில் வந்திறங்கும்போது பழுப்பு மேல் பொன்துகள் தூவிய மாதிரி இருக்கும். மார்ச், ஏப்ரலில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க, முகத்திலிருந்து வயிறு வரை திட்டுத்திட்டாகக் கறுப்பு ஏறும். வடக்கே இணைசேரப் போவதற்கான கோலம் அது. ஒரே குளத்துக்கு மாதம் ஒருமுறை போனாலே இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். சில பறவைகளின் காலில் எழுத்துப் பொறித்த நிறப்பட்டை இருக்கும். ஆய்வாளர்கள் கட்டியது. படமெடுத்து அந்த எழுத்துகளைத் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவித்தால், அந்தப் பறவையின் பயணத்தில் இன்னொரு புள்ளி பதிவாகும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பஞ்சுருட்டான் இருக்கிறது. பொங்கோலிலோ ஜூரோங்கிலோ, நீர்நிலையோரம் பட்ட மரக்கிளையிலும் விளக்குக் கம்பத்திலும் உட்கார்ந்திருக்கும் மெலிந்த பச்சைப் பறவை, வாலின் நடுவிலிருந்து இரண்டு இறகுகள் ஊசியாக நீண்டிருக்கும். இங்கே அதில் இரண்டு இனங்கள். நீலவால் பஞ்சுருட்டானுக்கு உச்சந்தலை பச்சை, தொண்டை செம்பழுப்பு. செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானுக்குத் தலையும் பிடரியும் செம்பழுப்பு, தொண்டை நீலம். அது குஞ்சு பொரிக்க வரும் விருந்தாளி, ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்து, வெறும் மண்ணில் வளை தோண்டிக் கூடு வைத்து, ஆண்டு முடிவதற்குள் போய்விடும். ஒன்று வெளியேற இன்னொன்று குடியேறுகிறது. மார்ச் மாதத்தில் இரண்டையும் ஒரே பூங்காவில் பார்க்க வாய்ப்புண்டு. சிங்கப்பூரின் பருவமாற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பறவை எனக்குத் தெரியவில்லை.

விடிகாலையில் எழ முடியாதவர்களுக்கும் ஒரு பருவம் உண்டு. அக்டோபர், நவம்பரில் தெலுக் பிளாங்கா குன்றின் மீதோ ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்திலோ காலை 10 மணிக்கு மேல் போய் வானத்தைப் பாருங்கள். நிலம் சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்போதுதான் வலசை வரும் தேன்பருந்துகள் அதில் ஏறி வட்டமிட்டு உயரும். கூடவே ஊரிலேயே இருக்கும் செம்பருந்தும் தென்படும்: தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கோயில் குடமுழுக்கில் கலசத்துக்கு மேலே வட்டமிட்டதும் கருடன் வந்துவிட்டது என்று கைகூப்புகிறோமே, அதே பறவைதான்.

இனி படமெடுப்பது. பறவை நோக்குதலில் கொஞ்ச நாள் ஊறிய பிறகு கேமரா வாங்குவது நல்லது என்பது என் கருத்து. பறவை அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை ஊகிக்கத் தெரிந்தவருக்குத்தான் நல்ல படம் அமையும். நீண்ட லென்ஸ் வேண்டும். குவியத்தூரம் 400 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான பறவைகளுக்குச் சமாளிக்கலாம். ஆனால் லென்ஸைவிட முக்கியம் வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டியே உதிக்கிறது, உதித்த பிறகு மளமளவென்று மேலே ஏறிவிடுகிறது. 10 மணிக்கெல்லாம் வெளிச்சம் மேலிருந்து விழுந்து பறவையின் கண்ணும் வயிறும் நிழலாகிவிடும். ஆகவே உதயத்திலிருந்து 9.30 வரை, பிறகு மாலை 5 மணிக்கு மேல். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் வைத்திருந்த கேமராவை நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படியும். கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே பையோடு எடுத்துக் குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். பறப்பதற்கு 1/2000 வரை போக வேண்டும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனைக் கூட்ட வேண்டிவரும், படத்தில் புள்ளிகள் தெரியும். தெரியட்டும், கலங்கிய படத்துக்கு அது மேல். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். சின்னக் கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை கருங்குளத்தில் நிற்கும்போது, கேமரா சுற்றியுள்ள இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தால் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும். வெளிறிய வானத்தின் முன்னால் இருக்கும் குயிலுக்கு நேரெதிர், கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இதற்கு மேல் நுட்பங்களைப் பழகப் பழகத் தெரிந்துகொள்ளலாம். பறவையின் பழக்கம்தான் பெரிய பாடம். பஞ்சுருட்டான் ஒரு கிளையிலிருந்து பாய்ந்து காற்றிலேயே தேனீயைப் பிடித்து, பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பி வரும். வந்ததும் விழுங்காது. தேனீயைக் கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கின் நஞ்சைப் போக்கிய பிறகு மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும். அதன் பின்னால் ஓடாமல், அந்தக் கிளையில் ஃபோகஸை வைத்துவிட்டு நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் அது பலமுறை அதே நாடகத்தை உங்களுக்காக நடத்தும். பாசிர் ரிஸ் கண்டல் காட்டில் நண்டுக்குக் காத்திருக்கும் மீன்கொத்தியும் இப்படி இடம் மாறாத பறவைதான்.

கூட்டைப் படமெடுப்பதில் மட்டும் நான் கண்டிப்பானவன். தேன்சிட்டு நம் வீட்டுத் தாழ்வாரத்துச் செடியிலேயே கூடு கட்டும். பெண் சிட்டு நாரும் இலைச்சருகும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னிய கூடு, பக்கவாட்டில் வாசலோடு சுருக்குப்பை போலத் தொங்கும். படத்துக்கு மறைக்கிறது என்று பக்கத்து இலையை வெட்டிவிட்டால் வெயிலும் காகமும் நேரே உள்ளே வரும். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். "ஆன்ட்டி, ஒரு மாசத்துக்கு இந்தத் தொட்டிய நகர்த்தாதீங்க, தண்ணி மட்டும் மெதுவா ஊத்துங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைப்பது எந்தப் படத்தையும்விடப் பெரிய உதவி.

பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதும் அப்படித்தான். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடவேண்டிய நேரத்தில் அது சண்டைக்கு அலைகிறது. இரை வைத்து வரவழைப்பது சட்டப்படியே குற்றம். 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்தால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். கூட்டின் இடத்தையும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வைக்கோல்தலைச் சின்னானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாட்டு அவ்வளவு இனிமை, அந்த இனிமைக்காகவே தென்கிழக்காசியாவில் பல இடங்களில் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். உலகில் மிஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு சிங்கப்பூரில்தான் இருக்கிறது. பூலாவ் உபினில் படகை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தப் பாட்டைக் கேட்கலாம்.

உபினுக்குப் போனால் இருவாச்சியையும் பார்த்துவிட்டு வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை. 1994-இல் உபினில் மறுபடி தென்பட்டது. செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் வைத்துப் பெருக உதவினார்கள். இன்று சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் குடியிருப்பு மரங்களிலேயே உட்கார்ந்து பழம் தின்கிறது. பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். வாரக்கணக்கில் ஆண்தான் அந்தப் பிளவு வழியாகப் பழமும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டும்.

பார்த்ததை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும்: தேதி, நேரம், இடம், பறவை, என்ன செய்தது. ஈபேர்ட் இணையத்தளத்திலும் பதியலாம், அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும். நீலவால் பஞ்சுருட்டானை இந்த ஆண்டு முதலில் பார்த்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி என்று இரண்டு வரி எழுதி வந்தாலே சில ஆண்டுகளில் உங்கள் பேட்டைக்கென்று ஒரு நாட்காட்டி உருவாகிவிடும்.

தொடங்க எந்த மாதமும் சரிதான். அக்டோபரில் தொடங்கினால் சுங்கை பூலோ, பிப்ரவரியில் தொடங்கினால் பஞ்சுருட்டான். ஜூன், ஜூலையில் வலசைப் பறவைகள் அநேகமாக இருக்காது. அப்போது பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். காட்டுக்கோழி, கானாங்கோழி, மாங்குயில், பச்சைப்புறா, தையல்சிட்டு, வெண்மார்பு மீன்கொத்தி என்று ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவற்றில் இருபதையாவது பழகிக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பறவைகள் பழகிவிட்டால், செப்டம்பரில் புதிதாக ஒன்று வந்து கிளையில் உட்கார்ந்ததும் இது நேற்றுவரை இங்கே இல்லாதது என்று கண் தானாகவே சொல்லிவிடும்.